கணிப்பொறிப் பெட்டிகளும் காற்றின் வழியும்

கணிப்பொறிக்குள் செல்லும் மின்சாரம் என்னவாகிறது? கணக்கு முடிந்ததும் அது மறைந்துவிடுவதில்லை. ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகி அறைக்குள் வந்து நிற்கிறது. 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பொறியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அவற்றின் சூட்டைப் போக்கக் காற்றூதிகள் வைத்தார்கள். குழல்கள் போய்ச் சில்லுகள் வந்த பின்னும் அந்தத் தொல்லை நீங்கியபாடில்லை.

இக்காலத்தில் பெரிய கணிப்பொறிகளை 'ராக்' எனப்படும் இரும்புப் பெட்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். முகப்பின் அகலம் 19 அங்குலம். ஒரு தட்டின் உயரம் 1.75 அங்குலம். இவை பொதுவான அளவுகள். ஆகவே எவர் செய்த பொறியும் எவர் செய்த பெட்டியிலும் பொருந்திவிடும் என்று நினைக்கிறோம். திருகாணி பொருந்தும்; ஐயமில்லை. காற்று பொருந்துமா என்பதே கேள்வி.

பழைய பெட்டிகள் சிலவற்றுக்கு முன்கதவு கண்ணாடி. காற்று அடியில் புகுந்து, மேலேயுள்ள விசிறிகளின் வழியே வெளியேறும். இன்றைய சர்வர்களோ முன்புறம் மூச்சை இழுத்துப் பின்புறம் விடுபவை. அவற்றுக்குத் துளைகள் நிறைந்த கதவு வேண்டும். கண்ணாடிக்குப் பின்னே பூட்டிவைத்தால், தாம் விட்ட சூட்டையே அவை திரும்ப இழுக்கும். பக்கவாட்டில் காற்றை விடும் பொறிகளும் உண்டு. பக்கத் தகடின்றி அத்தகையவற்றை வரிசையாக நிறுத்தினால், முதற் பெட்டியின் சூடு இரண்டாவதற்கு, இரண்டாவதன் சூடு மூன்றாவதற்கு! கடைசிப் பந்திக்காரனின் கதிதான் கடைசிப் பெட்டிக்கும்.

எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு பெட்டி 5 கிலோவாட் மின்சாரம் உண்கிறது என்போம். காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளிவர வேண்டுமானால், வினாடிக்கு 400 லிட்டருக்குச் சற்று மேலாகத் தேவை. ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோகிராம், ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் ஒரு கிலோஜூல் வேண்டும். இவ்விரண்டையும் கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விசிறியை வேகமாகச் சுழற்றினால் போதாதா என்பீர்கள். வேகம் இருமடங்கானால் விசிறி கேட்கும் மின்திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும். அதுவும் வெப்பமாகத்தானே முடியும்?

ஆதலால் பெட்டிகளை முகத்துக்கு முகமும் முதுகுக்கு முதுகுமாக நிறுத்துகிறார்கள். ஒரு சந்தில் குளிர்காற்று, அடுத்த சந்தில் சுடுகாற்று. பொறிக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. நான் கண்ட ஓர் அறையில் மனிதர் நடுங்கும்படி குளிரூட்டியிருந்தார்கள். ஆயினும் ஒரு பெட்டியின் மேல்தட்டுப் பொறி வெப்பந் தாங்காமல் அடிக்கடி நின்றது. காரணம், நடுவில் மூன்று தட்டுகள் காலியாகத் திறந்து கிடந்தன. பின்புறச் சூடு அவ்வழியே முன்னுக்கு வந்தது. அவற்றைத் தகட்டால் மூடியதும் பொறி ஒழுங்காக ஓடலாயிற்று.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மெல்லிய காகித நாடா ஒன்றைக் காலித் தட்டின் முன்னே பிடியுங்கள். நாடா உங்களை நோக்கிப் பறந்தால், அங்கே சூடு திரும்பி வருகிறது.