மருத்துவக் கருவி விற்பனையிலிருந்து மென்பொருள் விற்பனைக்கு: மாறும் முன் குடும்பமாக யோசிக்க வேண்டியவை

ஸ்டென்ட், செயற்கை மூட்டு, ஸ்கேன் மெஷின், ரத்தப் பரிசோதனைக் கருவி போன்றவற்றை மருத்துவமனைகளுக்கு விற்கும் வேலையில் நம் சமுதாய இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். சென்னை, திருச்சி, மதுரை மட்டுமல்ல, துபாய், ரியாத் வரை இந்தத் தொழிலில் நம் பிள்ளைகளைக் காணலாம். சில ஆண்டுகள் ஓடியபின், "சாஃப்ட்வேர் கம்பெனியில் சேல்ஸ் வேலைக்கு மாறலாமா?" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. கம்ப்யூட்டர் படிக்காத பிள்ளையை யார் எடுப்பார்கள் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். போனால் சம்பளம் இரட்டிப்பு என்று நண்பர்கள் ஆசை காட்டுகிறார்கள். இந்த அச்சத்தையும் ஆசையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, விஷயத்தை நிதானமாகப் பார்ப்போம்.

ஏன் இந்த எண்ணம் வருகிறது?

2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட்களுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. லட்சத்துக்கும் மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை 29,600 ரூபாய்க்குள் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்காலுக்கும் உச்சவரம்பு வந்தது. நோயாளிகளுக்கு இது பெரிய நிம்மதி. விற்பனைத் துறைக்கோ பழைய லாபம் இல்லாமல் போனது.

வேலையின் அலைச்சல் இன்னொரு காரணம். அவசர ஆபரேஷன் என்றால் நள்ளிரவிலும் இம்ப்ளான்ட் பெட்டியோடு ஓட வேண்டும். மருத்துவமனைகள் மாதக்கணக்கில் பாக்கி வைக்கும். வசூலும் விற்பனைப் பிரதிநிதியின் தலையில்தான்.

மூன்றாவது காரணம் மனசாட்சி. ஆர்டருக்காக டாக்டருக்குப் பரிசு, சுற்றுலா, கமிஷன் என்று கேட்கும், கொடுக்கும் இடங்கள் உண்டு. அங்கே நிற்க மனமில்லாமல் வெளியேற நினைப்பவர்களை நாம் பாராட்ட வேண்டும்.

கையில் இருப்பதும் கற்க வேண்டியதும்

மென்பொருள் விற்பனைக்கு புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. வாங்குபவரின் சிக்கலைப் புரிந்துகொண்டு, அதற்குத் தம் பொருள் எப்படி உதவும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு ஸ்கேன் மெஷினை விற்றவர் டாக்டர், பர்ச்சேஸ் அதிகாரி, கணக்குப் பிரிவு, நிர்வாக இயக்குநர் என்று நான்கு பேரிடம் நான்கு விதமாகப் பேசி, பல மாதம் பொறுமையாகக் காத்திருந்தவர். பெரிய நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்பதும் இதே வேலைதான்.

மாறுவது முறை. கருவியை ஒரு முறை விற்றால் பணம் வந்துவிடும். பிறகு உதிரிபாகமும் பராமரிப்பும்தான். மென்பொருளோ பெரும்பாலும் சந்தா. ஓர் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் இருக்கும். வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு புதுப்பிக்க மாட்டார். எனவே விற்ற பிறகும் அவர் பயன் பெறுகிறாரா என்று கவனிக்க வேண்டும். நேரில் போய்க் காத்திருப்பது குறைந்து, போன், மின்னஞ்சல், வீடியோ டெமோ அதிகமாகும். ஒவ்வொரு பேச்சையும் சி.ஆர்.எம். என்ற வாடிக்கையாளர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இதைப் பழக சேல்ஸ்ஃபோர்ஸின் 'டிரெயில்ஹெட்', ஹப்ஸ்பாட் அகாடமி ஆகியவற்றில் இலவசப் பாடங்கள் உள்ளன. வேலையை விடும் முன்பே, தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றைப் படித்துவிடலாம்.

எந்தக் கதவு வழியாக நுழைவது?

எளிதான கதவு மருத்துவமனை சார்ந்த மென்பொருள்தான். நோயாளி பதிவு, பில்லிங், ஆய்வக முடிவு, ஸ்கேன் படங்களைச் சேமித்தல், இன்சூரன்ஸ் கிளெய்ம் ஆகியவற்றுக்கான மென்பொருளை விற்கும் நிறுவனங்களுக்கு, மருத்துவமனை உள்ளே எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவர்கள் தேவை. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் மருத்துவப் பதிவுகளை டிஜிட்டலாக இணைக்க முயல்கிறது. அபுதாபியில் 'மலஃபி', துபாயில் 'நாபித்' என்று மருத்துவத் தகவல் பரிமாற்ற அமைப்புகள் இயங்குகின்றன. வளைகுடாவில் கருவி விற்கும் நம் பிள்ளைகள் இவற்றைப் பற்றிப் படித்துவைத்தால் நேர்காணலில் கைகொடுக்கும்.

இரண்டாவது கதவு ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற, சென்னையில் வேரூன்றி உலகெங்கும் விற்கும் நிறுவனங்கள். இத்தகைய நிறுவனங்களில் புதியவர் பெரும்பாலும் வாடிக்கையாளரைத் தேடிப் பேசும் ஆரம்ப நிலைப் பணியில்தான் சேர்வார். முன்பு ஏரியா மேனேஜராக இருந்தவருக்கு இது ஒரு படி இறங்குவது போலத் தோன்றும். அதற்கு மனம் தயாராக இருக்க வேண்டும்.

கருவியை இயக்கக் கற்றுத்தரும் பணியில் இருந்த நம் சகோதரிகளுக்கும் இங்கே வாய்ப்பு உண்டு. டெமோ காட்டுவது, புதிய வாடிக்கையாளருக்குப் பயிற்சி தருவது போன்றவற்றைச் சில நிறுவனங்களில் வீட்டிலிருந்தே செய்யலாம்.

சேரும் முன் வேலை நேரத்தைக் கேளுங்கள். அமெரிக்க வாடிக்கையாளருக்கு விற்கும் பணி என்றால் மாலையில் தொடங்கி அதிகாலை வரை போகும். ஃபஜ்ர் தொழுகை, உடல்நலம், மனைவி மக்களோடு இருக்கும் நேரம் எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன.

சம்பளக் கணக்கு

ஆண்டுக்கு 12 லட்சம் என்று சொல்லப்படும் வேலையில் 7 லட்சம் நிலையான சம்பளமாகவும், 5 லட்சம் டார்கெட்டை முழுவதும் எட்டினால் மட்டும் கிடைப்பதாகவும் இருக்கலாம். அப்படியானால் உறுதியான வருமானம் மாதம் சுமார் 58,000 ரூபாய். அதிலும் பிடித்தங்கள் உண்டு. வாடிக்கையாளர் சீக்கிரமே விலகிவிட்டால் கொடுத்த இன்சென்டிவைத் திரும்பப் பிடிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. இதையெல்லாம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

வீட்டுச் செலவை நிலையான சம்பளத்துக்குள் அமைத்துக்கொள்வதே பாதுகாப்பு. வராத இன்சென்டிவை நம்பி காரும் வீடும் வாங்கி, வட்டிக் கடனில் சிக்கும் குடும்பங்களைப் பார்க்கிறோம். முதல் ஆறு மாதம் கற்பதிலேயே கழியும் என்பதால், அத்தனை மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்த்துவைத்துவிட்டு மாறுவது நல்லது.

ஹலால் பேணுதல் நம்மோடு வரும்

லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், 'இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு' என்று ஒரு பகுதியைப் பிரித்து வைத்தபோது, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது கிடைத்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டது புகாரியில் பதிவாகியுள்ளது. பதவிக்காக வரும் பரிசை எடைபோட இந்தக் கேள்வியே போதும். டாக்டர்களுக்குப் பரிசும் பயணமும் தருவதை அரசின் 2024ஆம் ஆண்டு சந்தைப்படுத்தல் நெறிமுறைகளும் தடுக்கின்றன.

மென்பொருள் துறைக்கு வந்துவிட்டால் இந்தச் சோதனை நீங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். இங்கும் ஆர்டருக்குப் பங்கு கேட்கும் அதிகாரிகள் உண்டு. புதிய சோதனை ஒன்றும் உண்டு: இன்னும் உருவாக்கப்படாத வசதியை 'இருக்கிறது' என்று டெமோவில் சொல்லிவிடுவது. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வியாபாரியை, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கண்டித்தார்கள். மென்பொருளின் குறையை மறைப்பதும் அந்த ஈரம்தான்.

எதை, யாருக்கு விற்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். வட்டிக் கடன் செயலி, சூதாட்டச் செயலி போன்றவற்றை விலக்கி, சந்தேகமான இடங்களில் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்வோம்.

பழைய இடத்தின் அமானிதம்

விலகும்போது பழைய நிறுவனத்தின் விலைப்பட்டியலையும் வாடிக்கையாளர் விவரங்களையும் பென்டிரைவில் எடுத்துச் செல்லக் கூடாது, அவை அமானிதம். கையிலுள்ள ஸ்டாக்கையும் வசூல் கணக்கையும் முறையாக ஒப்படைத்து, நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்துக் கொடுப்போம். நாம் பழகிய டாக்டர்களின் நம்பிக்கை நம்மோடு வரும். அதை எடுத்துச் செல்ல யாரும் தடை சொல்ல முடியாது.

பெற்றோரும் மனைவியும் உட்கார்ந்து மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது, இந்த முடிவை எடுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத் நிறைந்த ரிஸ்க்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.