மருந்து அடிச்ச தோட்டத்துல காய் பறிக்கிறவங்களுக்கு என்ன ஆகும்?

பூச்சிமருந்து ஆபத்து என்றாலே, முதுகில் டேங்க் மாட்டித் தெளிப்பவரைத்தான் நினைப்போம். மறுநாள் காலையில் அதே செடிக்குள் கைவிட்டுக் காய் பறிக்கும் பெண்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ப்பு நேரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கணும், இல்லைன்னா முத்திப்போயிடும். அதனால் மருந்து அடித்தபின் விட வேண்டிய இடைவெளியைப் பலர் விடுவதில்லை. காலைப் பனி ஈரத்தில், இலையில் இருக்கும் மருந்து கையிலும் துணியிலும் ஒட்டும். சுணைக்குப் பயந்து பழைய சாக்ஸைக் கையில் மாட்டினாலும், நனைந்த துணி மருந்தைத் தோலோடு ஒட்டி வைத்திருக்கும்.

உடம்புக்குள் என்ன நடக்குது?

குளோர்பைரிபாஸ், புரோபினோபாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பேட் வகை. நரம்பின் சிக்னலை வேலை முடிந்ததும் நிறுத்த ஒரு நொதி இருக்கிறது. அதைத்தான் இவை முடக்குகின்றன. சிக்னல் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால் வியர்வை, எச்சில் கொட்டும், வாந்தி வரும், தசை துடிக்கும். முற்றினால் மூச்சே திணறும்.

ஆரம்பத்தில் வெறும் தலைவலி, தலைசுற்றல்தான். 'வெயில்ல நின்னது, பித்தம்' என்று மோர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்கினாலோ, வாயில் எச்சில் ஒழுகினாலோ அது வெயில் மயக்கம் இல்லை. உடனே 108-ஐ அழைக்கணும். துணியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் உடம்பைக் கழுவணும். தோல் வழியாக ஏறிய விஷம் வாந்தி எடுக்க வைத்தால் போகாது.

காய்கறிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் தெளிக்க 2005-லேயே தடை வந்துவிட்டது. விற்பனையில் உள்ள மருந்துகளின் டப்பாவில் முக்கோணம் இருக்கும்: சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சையும் விஷம்தான். இவ்வளவு விஷத்துக்கும் நம்மூரில் பெயர் 'மருந்து'!

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த டப்பாவையோ, அதன் போட்டோவையோ கொண்டு போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால் அட்ரோபின் போன்ற மாற்று மருந்தை டாக்டர் சீக்கிரம் தொடங்கலாம். சிக்கல் என்னவென்றால், டப்பா தோட்டக்காரர் வீட்டில் இருக்கும். கூலிக்கு வந்தவருக்கு அதன் பெயரே தெரியாது. அதனால் தோட்டத்தில் இறங்கும் முன்பே கேட்டுடுங்க: 'என்ன மருந்து அடிச்சீங்க, என்னைக்கு அடிச்சீங்க?'