தாயிழந்த நரிக்குட்டிகள்

நரி என்றவுடன் நம்மனோர் உள்ளத்தில் எழுவது வஞ்சகமே. காக்கையின் வாயிலிருந்த வடையைக் கவர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்த நாம், அவ்விலங்கின் குட்டிகளைக் காப்பதற்கென ஒரு தேசத்தார் வைத்தியசாலைகளும் வளர்ப்புக்கூடங்களும் நடத்துகின்றனர் என்றால் வியப்படைவோம். அத்தேசம் இங்கிலாந்து. குதிரையேறி நாய்களை ஏவி நரி வேட்டையாடுதல் அங்கு நெடுங்காலம் செல்வர்தம் விளையாட்டாக இருந்தது; 2004-ஆம் ஆண்டுச் சட்டமே அதனை விலக்கிற்று. அந்நாட்டிலேயே, கெண்ட் பகுதியில், 1991-ஆம் ஆண்டு முதல் நரிகளுக்கென்றே ஒரு கழகம் பணிபுரிந்து வருகின்றது. ஈண்டுக் கூறப்புகும் விலங்கு செந்நரி என்பது. நம் நாட்டில் இரவில் கூட்டமாக ஊளையிடும் நரி வேறோரினம்.

செந்நரி மார்ச்சு மாதத்தையொட்டி நிலத்தடி வளையிலோ, நகரமாயின் தோட்டத்துக் கொட்டகையின் கீழோ நான்கைந்து குட்டிகளை ஈனும். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் எடையே உள்ளது, கண்ணும் காதும் திறவாதது, கருங்கபில நிறத்தது. இதனைப் பூனைக்குட்டி என்றோ நாய்க்குட்டி என்றோ எண்ணி எடுத்துச் செல்வாரும் உளர். தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள அஃது அறியாதாகலின், முதல் இரண்டு மூன்று வாரம் தாய் வளையைவிட்டுப் பெரும்பாலும் நீங்காது. ஆண் நரியே இரை கொணரும். இரண்டாம் வாரத்தளவில் கண் திறக்கும். அக்கண்கள் முதலில் நீலமாயிருந்து, பின்னரே பொன்னிறம் அடையும். நான்காம் வாரத்தில் குட்டிகள் வளைவாயிலுக்கு வந்து விளையாடத் தொடங்கும்.

தனியே காணப்படும் குட்டிகள் அனைத்தும் அனாதைகள் அல்ல என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். இடையூறு நேர்ந்தவழித் தாய்நரி தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயிற் கவ்விப் புதிய இடத்திற்குக் கொண்டுசெல்லும். ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றை எடுக்க வருமுன், வழிப்போக்கர் இரக்கத்தால் அக்குட்டியை எடுத்துச் சென்றுவிடுவர். இது பிள்ளை பிடித்தலின் வேறன்று! ஆதலின் குட்டி நோயும் காயமும் இன்றியிருப்பின், மாலையில் திறந்த பெட்டியொன்றில் வைத்து, கண்டெடுத்த இடத்திலேயே விட்டுத் தொலைவில் நின்று காத்திருத்தலே தக்கது. மனிதர் கை பட்டதனால் தாய் அதனை வெறுத்துவிடாது. இருளில் வந்து எடுத்துச் செல்லும்.

தாய் மோட்டார் வண்டியிற் சிக்கி இறந்ததாயின் வேறு வழியில்லை. சின்னஞ்சிறு குட்டிக்குப் பாலினும் சூடே முன்னர் வேண்டப்படுவது. உடல் குளிர்ந்த குட்டிக்குப் பாலூட்டினால் அது செரியாது. வெப்பம் ஏறியபின், நாய்க்குட்டிகட்கென ஆக்கிய பால்மாவைக் கரைத்துச் சில மணிக்கு ஒருமுறை, இரவிலும் தவறாது, புகட்டுவர். தாய் நாவினால் நக்கிக் கழிவு நீக்குவதைப் போல, நனைந்த பஞ்சினால் வயிற்றின் கீழே தடவிக் கொடுப்பர். ஏறக்குறைய ஒரு மாதம் நிரம்பியதும் அரைத்த இறைச்சி.

வளர்ப்போர்க்குச் சங்கடம் இதன் பின்னரே தொடங்குகின்றது. கையிற் கிடந்து பாலுண்ட குட்டி கையையே நாடுகின்றது. காலடி ஓசை கேட்டால் ஓடி வருகின்றது. அக்குட்டி வெளியே சென்றபின் எந்த மனிதரைக் கண்டாலும் இவ்வாறே ஓடும். நாயைக் கண்டும் அஞ்சாது. எதிர்ப்படுவோர் எல்லாரும் பால்புட்டியோடு நிற்பாரல்லர். துப்பாக்கியோடு நிற்பாரும் உளர். ஆகவே பாலூட்டும் பருவம் கழிந்ததும் கொஞ்சுதல், பெயரிட்டு அழைத்தல், மடியில் வைத்தல் யாவும் நிறுத்தப்படும். தனிக்குட்டிதான் மிக எளிதிற் பழகிவிடுமாதலால், அதனை விரைவில் ஒத்த வயதுள்ள வேறு குட்டிகளோடு சேர்ப்பர். உடன்பிறவாதனவாயினும் அவை கடித்தும் புரண்டும் ஒரு குடும்பமாகிவிடும், மனிதர் வேண்டாதவராவர்.

வீட்டிலேயே நாய்போல் வளர்த்தாலென்ன என்று கேட்கலாம். நோவோசிபிர்ஸ்க் நகரில் பெல்யாயெவ் என்னும் ருஷ்ய அறிஞர் 1959-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். மனிதரிடம் அச்சங்குறைந்த நரிகளையே தேர்ந்து, தலைமுறை தலைமுறையாக இனம்பெருக்கியபோது வாலாட்டி வரும் நரிகள் தோன்றின. அவ்வியல்பு பரம்பரையால் வந்தது. ஒரு குட்டியைச் சீராட்டியதனால் வந்ததன்று. காட்டுநரியின் குட்டி, வளர்ந்தபின் நாற்றமும் நாசமும் செய்து வீட்டாரை வெறுப்பிக்கும். மாணிக்கவாசகர் கதையிற் பரியான நரிகளும் அன்றிரவே நரிகளாயின அன்றோ!

நிற்க. குட்டிகளைச் சேர்த்து வைக்குமிடத்தில் நோய் பரவுதல் எளிது. பிரிஸ்டல் நகரில் 1994-ஆம் ஆண்டிற் புகுந்த சொறிநோய், இரண்டாண்டுக்குள் அந்நகரத்து நரிகளில் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டவற்றை மாய்த்தது. ஆதலின் புதுக்குட்டியைச் சில நாள் தனியே வைத்து நோக்கிப் பூச்சிமருந்தும் தடுப்பூசியும் அளித்த பின்னரே கூட்டத்திற் சேர்ப்பர். கோடையில் அவை வெளிக்கூண்டிற்கு மாறும். உணவும் தட்டில் வைக்கப்படுவதில்லை. இறந்த கோழிக்குஞ்சு, எலி, பழம் ஆகியவற்றைப் புல்லிலும் மரக்கட்டையின் கீழும் ஒளித்து வைப்பர். வண்டும் மண்புழுவும் தோண்டித் தின்ன அவை தாமே கற்கின்றன.

காயமுற்ற முதிய நரியைப் பிடித்த இடத்திலேயே விடுவர். அதற்கு அங்கே சொந்த எல்லையுண்டு. குட்டிக்கோ திரும்பிச் செல்ல ஓர் இடமில்லை. எனவே பெருஞ்சாலைக்கு அகன்றதும், நிலக்கிழார் இசைந்ததுமான ஓரிடத்தைத் தேடுவர். இயற்கையில் இளநரிகள் தாயைப் பிரியத் தொடங்கும் இலையுதிர் காலத்தையொட்டி அங்கே கூண்டமைத்துக் கூட்டத்தை முழுமையாகக் கொண்டுபோய் வைத்து, அவ்விடத்து மணமும் ஒலியும் பழகும்வரை சில வாரம் அடைத்திருப்பர். உணவு வைப்பவர் ஒருவரே; அவரும் பேசுவதில்லை. பின் ஓரிரவு கதவு திறந்து விடப்படும். சில உடனே பாயும். சில நாட்கணக்கில் வாயிலிலேயே தயங்கும். திறந்த கூண்டில் உணவு வைத்தல் மேலும் சில வாரம் நடைபெறும். அளவு மட்டும் நாள்தோறும் குறையும். வைத்த உணவு வைத்தபடியே கிடக்கும் நாட்கள் தொடர்ந்து வந்தபின், ஆட்கள் வந்து கூண்டைப் பிரித்து எடுத்துச் செல்வர்.