நாம் எந்தப் பக்கம்?

கொல்கத்தாவில் குடியேறும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையிடம் அண்டை வீட்டார் கேட்கும் முதற் கேள்வி பெயரைப் பற்றியது. இரண்டாவது கேள்வி ஊரைப் பற்றியதன்று, படிப்பைப் பற்றியதுமன்று. “மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?” என்பதே அது. பிள்ளை விழித்து நின்றுவிட்டு வீட்டுக்கு ஓடி வருகிறது. “அப்பா, நாம் எந்தப் பக்கம்?” என்று கேட்கிறது. தந்தையார் விடை சொல்ல மாட்டாமல் செய்தித்தாளைச் சற்றே உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்குள் ஒரு நூற்றாண்டின் வரலாறு அடங்கியிருக்கிறது. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்போன்றோருக்கு அதில் ஒரு பாடமும் உண்டு.

திண்ணையில் நடக்கும் ஆட்டம்

நமக்குத் திண்ணை எப்படியோ, வங்காளிக்கு ‘ரோக்’ அப்படி. வீட்டு வாயிலை ஒட்டிய அச்சிறு மேடையில் மாலை வேளையில் நாலு பேர் கூடி, மண் குவளையில் தேநீர் அருந்தியவாறு பேசும் பேச்சுக்கு ‘அட்டா’ என்று பெயர். அரசியலும் இலக்கியமும் அங்கே அலசப்படுவதுண்டு. ஆயினும் இரு கழகங்களும் மோதுகின்ற வாரத்தில் கால்பந்தைத் தவிர வேறெதற்கும் அங்கே இடமில்லை. மைதானத்தில் ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். ரோக்கில் அது 90 நாள் நடக்கும்.

“இடப்புறத்துக் காப்பாளர் அவ்வளவு தூரம் முன்னேறிப் போவானேன்? அவர் விட்டுச் சென்ற இடத்தின் வழியாகத்தானே பந்து உள்ளே வந்தது?” என்பார் ஒருவர். “அவரைக் குறை சொல்லாதீர். நடுக்களத்தில் நின்றவரல்லவா பின்னால் ஓடி வந்து அந்த இடத்தை அடைத்திருக்க வேண்டும்!” என்பார் மற்றொருவர். “இருவரையும் விடுங்கள். இந்தப் பதினொருவரைத் தேர்ந்தெடுத்தாரே, அவரைச் சொல்லுங்கள்” என்று மூன்றாமவர் முடிப்பார்.

பந்தைக் காலால் தொட்டறியாதவரும் பயிற்சியாளருக்குப் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் அது. நகைப்புக்கு இடமானதுதான். ஆனால் சற்றுக் கூர்ந்து கேட்டால், ஆட்டத்தை அவர்கள் எத்துணை நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள் என்பது விளங்கும். பந்து இருக்கும் இடத்தைப் பார்ப்பவன் சாதாரணப் பார்வையாளன். பந்து இல்லாத இடத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பவனே ரசிகன். இந்த வேறுபாட்டை ரோக் ஒன்றுதான் கற்பிக்கிறது.

வாதம் சமையலறையையும் விடுவதில்லை. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அதன் அன்பர் வீட்டில் இலிஷ் மீன் மணக்கும். மோகன் பகான் வென்றால் அதன் அன்பர் வீட்டில் இறால். மீனே சமைக்காத நம் வீடுகளில் பாயசம் வைத்து ஈடு செய்துகொள்வதை எந்தக் கழகமும் ஆட்சேபிக்கப் போவதில்லை.

வாதத்திலே பிறந்த கழகம்

மோகன் பகான் கழகம் 1889-இல் தோன்றியது. 1911 ஜூலை 29 அன்று, ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில், ஈஸ்ட் யார்க்ஷயர் என்னும் ஆங்கிலப் படைப்பிரிவின் அணியை அது 2-1 என்ற கணக்கில் வென்றது. தலைவர் சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தனர். பதினொருவரில் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். காலணியிட்ட ஆளவந்தாரை வெறுங்கால் வென்ற அந்த நாளை வங்காளிகள் இன்றும் திருநாளாக நினைவுகூர்கின்றனர்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதையோ இன்னும் சுவையானது. 1920 ஜூலை இறுதியில் ஜோராபகான் என்ற கழகம் மோகன் பகானை எதிர்த்து ஆடவிருந்தது. சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை அந்த அணியில் சேர்க்கவில்லை. கழகத்தின் துணைத் தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி அவருக்காக வாதாடினார், வாதம் எடுபடவில்லை, விலகிக்கொண்டார். சில நாள் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் கழகம் உதயமாயிற்று. “அவரை ஏன் ஆட விடவில்லை?” என்று இன்றைக்கும் ஒவ்வொரு ரோக்கிலும் எழுகின்ற கேள்வி இருக்கிறதே, அதே கேள்விதான் அன்று ஒரு கழகத்தையே ஈன்றது!

1947-இல் நாடு பிரிவினைக்குள்ளாயிற்று. கிழக்கு வங்கத்திலிருந்து வீடிழந்து வந்தோர் இலட்சக்கணக்கானோர். இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய கழகம் அவர்களுக்கு ஊராகவே ஆயிற்று. மேற்கு வங்கத்துப் பழங்குடியினர் ‘கோட்டி’ என்றும், கிழக்கிலிருந்து வந்தோர் ‘பாங்கால்’ என்றும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வதும், முன்னவர் மோகன் பகானையும் பின்னவர் ஈஸ்ட் பெங்காலையும் சேர்ந்தவர் என்பதும் வழக்காயின. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். 1911-இல் மோகன் பகானுக்குப் புகழ் தேடித் தந்த வீரர்களுள் பலர் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே இந்தப் பிரிவு பிறப்போடு வந்ததன்று. பேசிப் பேசி வளர்த்தது.

வந்தாரை ஏற்ற மைதானம்

நமக்கு நெருக்கமான பகுதி இனிமேல்தான் வருகிறது. 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐவரைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். சாலே, அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், வெங்கடேஷ் என்போர் அவ்வைவர். ஐவரில் ஒருவரும் வங்காளியல்லர்; அனைவரும் தென்னாட்டிலிருந்து வந்தவர்கள். 1949-இல் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. கேடயம், பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை ஆகிய மூன்றையும் கழகம் வென்றது. கேடயம் 1950-இலும் 1951-இலும் அதனிடமே தங்கிற்று. வீடிழந்து வந்த கிழக்கு வங்கத்தாரின் மானத்தை, மொழி வேறான தென்னாட்டார் ஐவர் தம் கால்களில் தாங்கினார்கள். அகதிகள் முகாமில் வாழ்ந்தவர்கள் அவர்களைத் தம் வீட்டுப் பிள்ளைகளாகவே கருதினார்கள்.

பின்னர் வந்தவர் துளசிதாஸ் பலராம். தமிழ்ப் பெற்றோருக்குச் செகந்தராபாத்தில் பிறந்தவர். அதாவது, நம்மைப் போல் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை. 1957-இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்து, 1961-இல் தலைமையேற்று அதற்கு லீக் பட்டம் பெற்றுத் தந்தார். மோகன் பகானின் சுனி கோஸ்வாமி, ஈஸ்டர்ன் ரயில்வேயின் பி.கே. பானர்ஜி, பலராம் ஆகிய மூவரும் இந்திய அணியின் மும்மூர்த்திகள். மூவரில் பெரியவர் யார் என்ற வழக்கு அறுபது ஆண்டுகளைக் கடந்தும் தீர்ப்பாகவில்லை. சுனியின் நேர்த்தியை ஒருவர் சொல்வார், பி.கே.யின் வேகத்தையும் உதையின் வலிமையையும் மற்றொருவர் சொல்வார். “பந்தைத் தாமும் ஆடி, பிறரையும் ஆட வைத்தவர் பலராம் அல்லவா?” என்று ஒரு முதியவர் மெல்லச் சொல்வார், சபை சற்றே அடங்கும். மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ கிட்டியது. பலராமுக்குக் கிட்டவில்லை என்ற மனக்குறை அவர் அன்பர்களுக்கு உண்டு. ஆட்டத்தை விட்ட பின்னும் அவர் வங்கத்தை விடவில்லை. ஹூக்ளி நதிக்கரையில் உத்தரபாராவில் வாழ்ந்து, 2023 பிப்ரவரியில் காலமானார்.

கோல் காவலர் பீட்டர் தங்கராஜோ முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடியவர். அவரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

வியூகமும் வசைமொழியும்

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. மோகன் பகானின் தடுப்பு மதிலான ஜர்னைல் சிங் அதற்கு முந்தைய ஓர் ஆட்டத்தில் தலையில் காயமுற்றிருந்தார். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். இறுதி ஆட்டத்தின் இரு கோல்களில் ஒன்றை பி.கே.யும் மற்றொன்றை ஜர்னைலும் அடித்தனர். வென்றதால் அது மதிநுட்பம். தோற்றிருந்தால் அதையே பேதைமை என்று ரோக் தீர்ப்பளித்திருக்கும். பயிற்சியாளரின் விதி அத்தகையது.

அதற்கு 35 ஆண்டு கழித்து, 1997 ஜூலை 13 அன்று, பெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இரு கழகங்களும் மோதின. மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா ‘வைர வியூகம்’ ஒன்றை வகுத்திருந்தார். கூட்டமாக முன்னேறித் தாக்குவதே அதன் உயிர். அதன் வலிமையை முந்தைய ஆட்டங்களில் கண்ட நகரமே அதைப் பற்றித்தான் பேசிற்று. ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளரோ பி.கே. பானர்ஜி. சால்ட் லேக் மைதானத்தில் அன்று கூடியவர்கள் 1,31,000-க்கு மேல். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. சிக்கிமிலிருந்து வந்த பாய்ச்சுங் பூட்டியா மட்டும் மூன்று கோல் அடித்தார். முன்னேறிச் சென்றவர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் வைரம் உடைந்தது என்பது ஒரு சாரார் கூற்று. வியூகத்தில் பிழையில்லை, ஆடியவர்கள் அதை உணரவில்லை என்பது மறு சாரார் கூற்று. இன்றும் தாளை எடுத்துப் புள்ளி வைத்து வாதாடுவோர் உண்டு.

ஆனால் அந்த ஆட்டத்துக்கு முன் வேறொன்றும் நடந்தது. எதிரணியினரின் பெயர்களைத் தத்தா கேலி செய்தார். பூட்டியாவை ‘சுங்-சுங்’ என்றார். கென்யாவிலிருந்து வந்த ஒமோலோவை ‘ஆம்லெட்’ என்றார். ‘மதராஸி’ என்று அழைக்கப்பட்டுப் பழகிய நமக்கு அந்தக் கேலியின் சுவை தெரியும். ஒருவருடைய ஆட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பழிக்கலாம். அது ரசிகனின் உரிமை. பெயரையும் முகத்தையும் ஊரையும் பழித்த கணத்தில் வாதம் செத்துவிடுகிறது. பூட்டியா சொல்லால் விடையளிக்கவில்லை, காலால் அளித்தார்.

எல்லை கடந்தபோது

சொல் எல்லை கடந்ததன் விளைவு கேலியோடு நின்றிருந்தால் நன்றாயிருக்கும். 1975 செப்டம்பர் 30 அன்று கேடய இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் 5-0 என்று தோற்றது. துயரம் தாளாத இளம் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் லீக் ஆட்டத்தின்போது களத்தில் எழுந்த சச்சரவு பார்வையாளரிடையே பரவிற்று. நெரிசலில் 16 பேர் மாண்டனர். காலையில் சோறுண்டு ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளைகள் மாலையில் திரும்பவில்லை. அவர்கள் எந்தப் பக்கம் என்று தாய்மார் கேட்டிருப்பார்களா? அந்நாளைக் கால்பந்து அன்பர் நாளாக அனுசரித்து, அன்று இரத்த தானம் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. சிந்திய இரத்தத்துக்கு இதைவிடச் சிறந்த பரிகாரம் இல்லை.

வாதம் நன்மையும் செய்திருக்கிறது. 2020-இல் மோகன் பகான் வேறொரு கழகத்தோடு இணைந்தபோது, அதன் பெயருக்கு முன் ‘ஏ.டி.கே.’ என்ற எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. ரசிகர்கள் விடாது எதிர்த்தார்கள். 2023-இல் அவ்வெழுத்துகள் நீங்கின. கழகம் யாருடையது என்ற கேள்விக்கு அன்பர்கள் அளித்த விடை அது.

அனைத்துக்கும் மேலாக ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். நகரமே நீதி கேட்டுக் கொந்தளித்தது. ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை மோதல் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்தாயிற்று. ஆட்டமில்லை என்று அறிந்தும் ரசிகர்கள் மைதானத்தின் வெளியே திரண்டார்கள். சிவப்பும் பொன்னிறமும் அணிந்தோரும், பச்சையும் மெரூனும் அணிந்தோரும், முகமதன் கழகத்தாரும் தோளோடு தோள் நின்று, ஒரே குரலில் நீதி கேட்டார்கள். நூறாண்டு வாதாடியவர்கள் அன்று ஒரே பக்கம் நின்றார்கள்.

ஆகவே, “நாம் எந்தப் பக்கம்?” என்று உங்கள் பிள்ளை கேட்டால் முகத்தை மறைக்க வேண்டாம். தனக்குப் பிடித்த பக்கத்தை அதுவே தேர்ந்துகொள்ளட்டும். ரோக்கில் சென்று உட்காரட்டும்; வங்காளத்தில் உரக்க வாதாடட்டும்; தோற்ற நாளில் கேலியைப் பொறுத்துக்கொள்ளவும், வென்ற நாளில் கேலியை அளவோடு நிறுத்திக்கொள்ளவும் கற்றுக்கொள்ளட்டும். ஓர் ஊரின் வாதத்தில் நமக்கும் ஒரு கட்சி உண்டு என்றால், அந்த ஊரில் நமக்கும் ஒரு திண்ணை உண்டு என்று பொருள்.