காரவேலனின் பதினோராம் ஆட்சியாண்டு

ஒடிசா மாநிலத்துப் புவனேசுவரத்தை அடுத்த உதயகிரிக் குன்றின் குகையொன்றில் அத்திகும்பாக் கல்வெட்டு உள்ளது. பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில், 17 வரிகளில் அமைந்த அது, கலிங்க வேந்தன் காரவேலனின் செயல்களை ஆண்டு முறையே கூறுகின்றது. அவற்றுள் பதினோராம் ஆட்சியாண்டின் செய்தி தமிழ் ஆராய்ச்சியாளர்க்கு இன்றியமையாதது.

அவ்வாண்டில் நிகழ்ந்தனவாகச் சொல்லப்படுவன இரண்டு. பித்துண்டம் என்னும் நகரைக் கழுதை பூட்டிய ஏரால் உழுவித்தான் என்பது ஒன்று. 'திரமிர' நாட்டாரின் கூட்டணியை உடைத்தான் என்பது மற்றொன்று. வரி சிதைந்துள்ளமையின் பாட வேறுபாடு உண்டெனினும், பலரும் கொண்ட பாடம் இதுவே.

கழுதையேர் உழவு நமக்குப் புதிதன்று. புறநானூற்று 15, 392ஆம் பாடல்கள் பகைவர் மண்ணைக் கழுதை பூட்டி உழுத செயலைப் பாடுகின்றன. இலக்கியத்தில் புலவர் கற்பனை எனக் கருதற்குரியதை, வேற்று நாட்டு வேந்தனின் கல்லெழுத்து போர்மரபெனக் காட்டுகின்றது.

இனி, கூட்டணியின் காலம் யாது? 'தேரச வச சத' என்னும் தொடரை 1300 ஆண்டு என்பாரும், 113 ஆண்டு என்பாரும் உளர். பின்னதே நம்பத்தக்கதாகத் தோன்றும். ஆயின் இக்கல்வெட்டிலேயே, நந்தன் வெட்டிய கால்வாயைக் குறிக்குமிடத்து 'திவச சத' என்னும் தொடர் வருகின்றது. அதனை 300 எனக் கொள்வார், அதே அமைப்புடைய இதனை 113 எனக் கொள்ளுதல் முறையாகுமா? அதனையும் 103 எனக் கொள்ளின், காரவேலன் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்குச் செல்வான். எழுத்தமைதி அதற்கு இடந்தருவதன்று. 1300 எனின், எண்ணை அவ்வாறே வரலாறாகக் கொள்ளுதல் அரிது.

ஆதலின், இவ்வெண்ணைக்கொண்டு தமிழர் பழமையை அளத்தல் உறுதியான நெறியாகாது. அகநானூற்று 31ஆம் பாடல் மொழிபெயர் தேயத்தை மூவேந்தர் காத்தமை கூறுவதை இதனோடு இணைத்தலும் பொருத்தம் காணும் முயற்சியே, சான்றன்று.

எனினும் ஒன்று தெளிவு. எளிய பகையை வென்றதை எவ்வேந்தனும் கல்லிற் பொறித்துப் பெருமை கொள்ளான். தமிழர் கூட்டணி நெடுநாள் நிலைத்ததெனப் பகைவனே கூறியமை போதும். எத்தனை ஆண்டு என்பதை அக்கல் நமக்கு உறுதியாக உரைத்திலது. உரைத்த அளவிலேயே நிற்றல் ஆராய்ச்சியாளர் கடன்.