சராசரி எப்போது பொய் சொல்லும்?

கோடை விடுமுறையில் பாகூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் நீங்கள் கணக்கெடுப்பு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பத்து உழவர்களைச் சந்திக்கிறீர்கள். வயலுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, ஏரி என்றால் 1, கிணறு என்றால் 2, ஆழ்குழாய்க் கிணறு என்றால் 3 என்று குறிக்கிறீர்கள். ஐந்து பேருக்கு ஏரி. ஐந்து பேருக்கு ஆழ்குழாய்க் கிணறு. எண்களைக் கூட்டினால் 20. பத்தால் வகுத்தால் சராசரி 2. அதாவது, கிணறு! ஆனால் கிணற்று நீர் பாய்ச்சுபவர் ஒருவர்கூட இல்லையே! இந்த விடையை நம்பிக் கிணறுகளைத் தூர்வாரப் பணம் ஒதுக்கினால் அது யாருக்குப் பயன்படும்?

கூட்டலில் பிழையில்லை; வகுத்தலிலும் பிழையில்லை. எண்ணின் தன்மையை அறியாமல் கணக்குப் போட்டதுதான் பிழை.

ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1946-ஆம் ஆண்டில் அளவுகோல்களை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். அவை எவை?

முதலாவது, பெயரளவு அளவுகோல். மேலே கண்ட 1, 2, 3 இவ்வகையே. இங்கே எண் வெறும் பெயர்தான். எது அதிகம் பேருக்கு உரியது என்று எண்ணி, முகடு காணலாம். சராசரி காணக்கூடாது.

இரண்டாவது, வரிசை அளவுகோல். ஏரி நீர் 'போதாது', 'ஓரளவு போதும்', 'நன்றாகப் போதும்' என்ற விடைகளுக்கு ஏறுவரிசை உண்டு. ஆனால் படிகளுக்கு இடையே உள்ள தூரம் சமமா? தெரியாது. ஆகவே இடைநிலை அளவே பொருத்தம்.

மூன்றாவது, இடைவெளி அளவுகோல். செல்சியஸ் வெப்பநிலையில் ஒவ்வொரு பாகையும் சமம், சராசரி காணலாம். ஆனால் 40 பாகை, 20 பாகையைப்போல் இரு மடங்கு வெப்பமா? அவற்றையே பாரன்ஹீட்டில் எழுதிப் பாருங்கள்: 104, 68. இரு மடங்கு எங்கே போயிற்று? செல்சியஸின் சுழி, நீர் உறையும் நிலைக்கு நாம் இட்ட குறி. 'வெப்பமே இல்லை' என்று அதற்குப் பொருளில்லை.

நான்காவது, விகித அளவுகோல். மழைமானியில் சுழி என்றால் மழையே இல்லை. எனவே 40 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டரின் இரு மடங்கேதான். நிலத்தின் பரப்பும் அப்படியே. குழியில் அளந்தாலும் ஹெக்டேரில் அளந்தாலும் இரு மடங்கு நிலம் இரு மடங்காகவே இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. வில்லியனூரின் அஞ்சல் குறியீட்டு எண் 605110. பாகூரின் எண் 607402. இவை எந்த வகை? இவற்றின் சராசரிக்குப் பொருள் உண்டா? நீங்களே சொல்லுங்கள்!