ஹெட் கஸ்கற்றை மாற்றிய பிறகும் எஞ்சின் கொதிப்பது ஏன்?

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இலங்கையின் வன்னிப் பகுதியில் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அழுத்தத்தில் தானே தீப்பற்றித் தட்டும் அவ்வெரிபொருள், எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையே அமுங்கியிருந்து கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடாகிய ஹெட் கஸ்கற்றை வருத்தக்கூடியது. முற்றத்து மரநிழலில் அதை மாற்றிய பின் எழும் முதல் வெண்புகைக்குக் கலங்க வேண்டியதில்லை. புகைக்குழாயில் தேங்கிய நீரே ஆவியாகிறது. ஆனால் உட்சிக்கிய காற்று வெளியேறிய பின்னும் ரேடியேற்றர் வாயில் குமிழிகள் ஓயாவிட்டால் எரிந்த வாயு நீர்ப்பாதைக்குள் கசிகிறது எனவும், ஒயில் அளவுக்கம்பியில் பாற்கோப்பி நிறம் படிந்தால் நீர் ஒயிலுடன் கலந்துள்ளது எனவும் கொள்ளலாம். இவ்வாறு கசிந்து எஞ்சின் மீண்டும் கொதித்தால், பெரும்பாலும் பழி புதிய கஸ்கற்றுக்கு உரியதன்று: போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக இறுக்காததோ, சூட்டில் வளைந்த தலையைச் சீவாமல் பூட்டியதோதான் காரணம். நேரான இரும்புச் சட்டத்தைத் தலையின்மீது வைத்துப் பார்த்தால், அந்த வளைவு இடையில் ஒளிக்கீற்றாகத் தெரியும்.